எதிரே படகு வந்தால் யார் விலக வேண்டும்? கடல் மோதல் தடுப்பு விதிகள் சொல்வது என்ன?

இரண்டு விசைப்படகுகள் நேருக்கு நேர் வந்தால், இரண்டுமே தத்தம் வலப்பக்கம் திரும்ப வேண்டும். 1972-இல் உருவாகி 1977-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச கடல் மோதல் தடுப்பு விதிகள் சொல்வது இது. பெரிய கப்பல்களுக்கான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, கடலில் துடுப்புப் போடும் சின்னப் படகுக்கும் இது பொருந்தும். ஆறு, ஏரி, துறைமுகப் பகுதிகளில் உள்ளூர் விதிகள் தனியாக இருக்கலாம், கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

குறுக்கே வரும்போதுதான் குழப்பம். விசைப்படகுகள் இரண்டு குறுக்கிட்டால், யாருக்கு வலப்பக்கத்தில் மற்றப் படகு தெரிகிறதோ அவர் விலக வேண்டும். அதன் முன்னால் புகுந்து போகக் கூடாது. வேகத்தைக் குறைத்து, பின்பக்கமாகப் போவதே நல்லது. இரவில் விளக்கைப் பார்த்தே இது தெரிந்துவிடும். படகின் இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அதனால் உங்கள் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வருகிற படகின் சிவப்பு விளக்குதான் உங்களுக்குத் தெரியும்.

முந்துகிறவர் யாராக இருந்தாலும், பாய்மரப் படகானாலும், அவர்தான் ஒதுங்கிப் போக வேண்டும். மற்ற நேரங்களில் விசைப்படகு பாய்மரத்துக்கும், வலை இழுத்துக்கொண்டு சட்டென்று திரும்ப முடியாத மீன்பிடிப் படகுக்கும் வழிவிடும். ஆனால் குறுகிய கால்வாயில், அதற்குள் மட்டுமே போகக்கூடிய கப்பலுக்கு 20 மீட்டருக்குக் குறைவான படகுகளும் பாய்மரங்களும் இடைஞ்சலாக நிற்கக் கூடாது.

பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. "வழி என்னுடையது, நான் போய்க்கொண்டே இருப்பேன்" என்று யாரும் சொல்ல முடியாது. விலக வேண்டாத படகு தன் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் போக வேண்டும், சரி. எதிராளி விலகவில்லை என்று தெரிந்தால் தானே விலகலாம். அவர் மட்டும் திரும்பினால் மோதலைத் தவிர்க்க முடியாது என்ற நெருக்கம் வந்துவிட்டால் விலகியே ஆக வேண்டும். என் பார்வையில் இந்த விதிகளின் உயிரே இதில்தான் இருக்கிறது.

மோதல் வருமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திசைகாட்டியில் அந்தப் படகு இருக்கும் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடி பாருங்கள். திசை மாறாமல் படகு மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தால், இரண்டும் ஒரே இடத்தை நோக்கிப் போகின்றன. பெரிய கப்பலாக இருந்தாலோ, கிட்டத்தில் வந்துவிட்டாலோ, திசை மாறினாலும் ஆபத்து உண்டு. சந்தேகமாக இருந்தால் ஆபத்து இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. திரும்புவதையும் சீக்கிரமாக, எதிராளி கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்படி செய்யுங்கள். துளித் துளியாகத் திருப்பினால் அவருக்குப் புரியாது.

ஹாரனுக்கும் அர்த்தம் உண்டு. ஒரு குறுகிய ஒலி என்றால் வலப்பக்கம் திரும்புகிறேன், இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் இன்ஜின் பின்னோக்கி ஓடுகிறது. வேகமாக ஐந்து முறை அடித்தால், "நீங்கள் செய்வது எனக்குப் புரியவில்லை" என்று பொருள்.

மூடுபனியில் ஒருவரையொருவர் பார்க்க முடியாதபோது, வலப்பக்கம், இடப்பக்கம் என்ற கணக்கு செல்லாது. அப்போது எல்லாருமே வேகத்தைக் குறைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் விசைக்கப்பல் இரண்டு நிமிடத்துக்குள் ஒரு முறையாவது நீண்ட ஒலி எழுப்ப வேண்டும். 12 மீட்டருக்குக் குறைவான படகு வேறு வகையில் ஒலி எழுப்பலாம். ஆனால் அதையும் இரண்டு நிமிடத்துக்குள் எழுப்பியாக வேண்டும்.