கொதிக்க வைத்தாலும் போகாத சிப்பி நஞ்சு

"நல்லா வேகவச்சுத்தான் சாப்பிட்டோம், டாக்டர்." கடல் சிப்பியைச் சாப்பிட்டு உடம்புக்கு முடியாமல் கிளினிக்குக்கு வருகிறவர்கள் முதலில் சொல்வது இதுதான். மலேசியாவின் ரந்தாவ் சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களுக்குப் போர்ட்டிக்சன் கடற்கரை தொலைவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகிறவர்கள் திரும்பும் வழியில் ஒரு பை கூப்பாங் சிப்பி வாங்கி வந்து, காரமாகச் சம்பல் வைப்பார்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அந்தக் கொதியிலேயே செத்துவிடும். ஆனால், சிப்பியில் சேரும் சாக்ஸிடாக்சின் என்ற நஞ்சைக் கொதியும் அழிக்காது, புளியும் எலுமிச்சையும் முறிக்காது, குளிர்பெட்டியில் உறைய வைத்தாலும் அது குறையாது.

அந்த நஞ்சு சிப்பிக்குச் சொந்தமானதன்று. டைனோபிளாஜெல்லேட் எனப்படும் ஒற்றைச்செல் உயிர்களில் சில இனங்கள் உண்டாக்குவது. இவற்றுக்குச் சாட்டைபோல் அசையும் இரண்டு கசையிழைகள் உண்டு. ஒன்று உடலின் நடுவே ஓடும் பள்ளத்தில் ஒட்டியாணம்போல் சுற்றிக் கிடக்க, மற்றொன்று பின்னால் நீண்டு அசைவதால், செல் தன்னைத்தானே சுழற்றிக்கொண்டே நீந்துகிறது. பல இனங்களுக்குச் செல்லுலோஸ் தகடுகளாலான கவசமும் உண்டு. ஏறத்தாழப் பாதி இனங்கள் சூரிய ஒளியில் உணவு தயாரிக்கின்றன. மற்றவை பிற உயிர்களைத் தின்று வாழ்கின்றன. பவளப் பாறைகளுக்கு உணவூட்டுவதும், இரவுக் கடலில் நீலமாக மின்னுவதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்; ஆகவே, எல்லாவற்றையும் பகையாக எண்ணுவது தவறு.

நமக்கு ஆபத்தானவை அலெக்சாண்டிரியம், பைரோடினியம் போன்ற சிலவே. சூழல் பாதகமாகும்போது இவை தடித்த உறைக்குள் உறங்கும் நிலையை அடைந்து கடலடிச் சேற்றில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். வெப்பமும் வெளிச்சமும் ஊட்டச்சத்தும் சாதகமாகும்போது அவை விழித்துப் பெருகுகின்றன. சிப்பியோ மணிக்கு லிட்டர் கணக்கில் கடல்நீரை வடிகட்டி உண்பதால், நஞ்சு அதன் சதையில் சேர்ந்துகொண்டே போகிறது. சிப்பிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. இப்படிப்பட்ட சிப்பியில் வாடை மாறாது, சுவை மாறாது. கடல்நீர் சிவந்தால்தான் ஆபத்து என்ற எண்ணமும் சரியன்று. நிறம் மாறாத நீரிலும் நஞ்சு இருக்கக்கூடும்.

மலேசியாவுக்கு இது புதிதன்று. 1976-இல் சபாவின் மேற்குக் கரையில் 202 பேர் பாதிக்கப்பட்டு 7 பேர் இறந்தார்கள். 1991-இல் மலாக்காவின் செபாத்துவிலும், 2001-இல் கிளந்தானின் தும்பாட்டிலும் மக்கள் பாதிக்கப்பட்டார்கள். 2024 ஏப்ரலில் நம் போர்ட்டிக்சன் சிப்பியைச் சாப்பிட்ட எட்டுப் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட, மீன்வளத் துறை அங்கே சிப்பி எடுப்பதற்குத் தடை விதித்தது. ஒரு கிலோ சதையில் 800 மைக்ரோகிராமுக்கு மேல் நஞ்சு இருந்தால் அது உண்ணத் தகாதது. இந்த அளவைச் சோதனைக்கூடம்தான் காட்டும், சமையலறை காட்டாது. எனவே, இப்படித் தடை இருக்கும் காலத்தில் "கொஞ்சமாகத்தானே" என்று வாங்குவதும், தெரிந்தவர் பிடித்துக் கொடுத்தார் என்று சமைப்பதும் வேண்டாம்.

பெரும்பாலும் சாப்பிட்ட அரை மணி நேரம் முதல் சில மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரத்து, முகத்திலும் விரல் நுனிகளிலும் ஊசி குத்துவதுபோல் இருக்கும். உடம்பு மிதப்பது போன்ற உணர்வைச் சிலர் சொல்வார்கள். நரம்புகளில் சோடியம் செல்லும் வழிகளை நஞ்சு அடைத்துவிடுவதே காரணம். முற்றினால் மூச்சுவிடும் தசைகள் செயலிழக்கும், நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். சிப்பி சாப்பிட்டபின் உதடு மரத்தால், வயிறு சரியாக இருக்கிறதே என்று காத்திராமல், எங்களைப் போன்ற சிறிய கிளினிக்குகளையும் தேடாமல், 999-ஐ அழைத்து நேரே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இந்த நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரையாலும் பயனில்லை. ஆனால், செயற்கைச் சுவாசம் உரிய நேரத்தில் கிடைத்து முதல் நாளைக் கடந்தவர்கள் பெரும்பாலும் முழுமையாகக் குணமடைகிறார்கள். மீந்த சிப்பி இருந்தால், ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி உடன் கொண்டுபோய் மருத்துவரிடம் கொடுங்கள். சோதனைக்கும், அதே இடத்தில் வாங்கிய மற்றவர்களை எச்சரிப்பதற்கும் அது உதவும்.