பிரஷர் மாத்திரை போடுபவரிடம் சிஸ்டர் கேட்கும் கேள்விகள்

சென்னையில் எந்த நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், பிரஷர் மாத்திரை வாங்க வருபவர்களின் வரிசை காலையிலேயே நீண்டுவிடும். பஸ் பிடித்து, வெயிலில் நடந்து, மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தவரின் கையில் உடனே பட்டையைச் சுற்றினால், நடந்து வந்த களைப்பும் சேர்ந்துதான் அந்த எண்ணில் தெரியும். அதனால்தான் விவரம் தெரிந்த சிஸ்டர் முதலில் ஐந்து நிமிடம் உட்கார வைக்கிறார். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால்மேல் கால் கூடாது, கை இதயத்தின் உயரத்தில் இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் எண் கூடுதலாகவே காட்டும். டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் இந்த எண்ணை நம்பித்தான்.

வயதானவர்களை எழுந்து நிற்கச் சொல்லி இன்னொரு முறையும் அளக்க வேண்டும். கூட்டத்தில் இது பல நேரம் விட்டுப்போகிறது, விடக்கூடாத ஒன்று. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேல் இரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. கழுத்திலும் நெஞ்சிலும் உள்ள அழுத்த உணரிகள் அதைக் கண்டுகொண்டு, இதயத்தை வேகமாகத் துடிக்கவும் இரத்தக் குழாய்களைச் சுருங்கவும் வைக்கின்றன. பிரஷர் மாத்திரைகள் பலவும் செய்வது இதற்கு நேர் எதிரான வேலை. எழுந்த மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 புள்ளியோ, கீழ் அளவு 10 புள்ளியோ இறங்கினால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். “எந்திரிச்சதும் கிறுகிறுன்னு வருதா தாத்தா?” என்று சிஸ்டர் கேட்பது இதற்காகத்தான். இரவில் பாத்ரூம் போக எழுந்து, விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வீட்டின் நிலைமையே மாறிவிடும். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்திருப்பது எவ்வளவோ மேல்.

கத்திரி வெயில் இதை இன்னும் மோசமாக்கும். வியர்வையில் உப்பும் நீரும் போகின்றன, உடம்பைக் குளிர்விக்கத் தோலின் குழாய்களும் விரிகின்றன. மார்கழியில் சரியாக இருந்த அதே அளவு மாத்திரை மே மாதத்தில் சிலருக்குக் கூடுதலாகிவிடும். நாமே பாதியாக உடைத்துப் போடக்கூடாது. அளந்து பார்த்து டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

அடுத்து, சேலையையோ வேட்டியையோ சற்று உயர்த்தச் சொல்லி, கணுக்காலுக்கு மேலே எலும்பின்மீது கட்டைவிரலால் சில நொடிகள் அழுத்திப் பார்ப்பார். எடுத்ததும் குழி விழுந்து நின்றால் அடுத்த கேள்வி, “அம்லோடிபின் போடுறீங்களா?” குழாய்ச் சுவரில் உள்ள தசை சுருங்க, கால்சியம் செல்லுக்குள் நுழைய வேண்டும். அந்த வழியை அம்லோடிபின் அடைப்பதால் தசை தளர்ந்து குழாய் விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. ஆனால் இரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகள் விரியும் அளவுக்கு, திருப்பி எடுத்துப்போகும் சிரைகள் விரிவதில்லை. மதகை அகலத் திறந்துவிட்டு வடிகாலை அப்படியே விட்ட தெரு மாதிரி, இடையில் உள்ள நுண்குழாய்களிலிருந்து நீர் திசுக்களுக்குள் கசிகிறது. உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை என்பதால், நீர் பிரியும் மாத்திரைக்கு இது அவ்வளவாக மசியாது. அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோதான் சரிசெய்கிறார்கள். இதயமும் சிறுநீரகமும் பழுதானாலும் கால் வீங்கும் என்பதால், படுத்தால் மூச்சு முட்டுகிறதா, சிறுநீர் குறைந்திருக்கிறதா என்றும் சேர்த்துக் கேட்பார்.

அம்லோடிபினின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். “ரெண்டு நாள் போடல, ஒண்ணும் ஆகலையே” என்று நம்மவர்கள் தைரியமாகச் சொல்வது இதனால்தான். அந்தத் தைரியத்தை, இதயத் துடிப்பைத் தணிக்கும் அட்டெனோலால் போன்ற மாத்திரையிடம் காட்டிவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் இதயம் படபடத்து, நெஞ்சுவலி வரைக்கும் கொண்டுபோகலாம். தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கியதிலிருந்து மாத்திரை பலரின் வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனாலும் போன மாத அட்டையில் எத்தனை மிச்சம் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். அதைத் திட்டாமல் கேட்கத் தெரிய வேண்டும். திட்டினால் அடுத்த முறை அட்டையை ஒளித்துவிடுவார்கள்.

எனாலபிரில் என்ற பிரஷர் மாத்திரை போடுபவரிடம் வறட்டு இருமல் உண்டா என்று கேட்கிறார்கள். குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சின் உருவாக உதவும் நொதியை இது தடுக்கிறது. அதே நொதிதான் பிராடிகைனின் என்ற பொருளையும் உடைக்க வேண்டும். அது உடையாமல் சேர்ந்தால் தொண்டையில் அரிப்பும் இருமலும் வரும். சிரப்பும் கஷாயமும் குடித்து மாதக்கணக்கில் இருமுகிறவர்களுக்கு, டெல்மிசார்டன் போன்ற ஒன்றுக்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். உதடோ நாக்கோ வீங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே 108தான். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இந்த இரண்டு மருந்துமே ஆகாது.

அப்புறம், பலருக்கும் சம்பந்தமில்லாததாகத் தோன்றும் ஒரு கேள்வி: “மூட்டு வலிக்கு என்ன போடுறீங்க?” டைக்ளோஃபினாக், இபுபுரூஃபன் போன்றவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிப் பிரஷரை ஏற்றும். அதோடு, சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் குழாயைச் சுருக்கிவிடும். எனாலபிரில் வெளியேறும் குழாயை விரிக்கிறது, நீர் பிரியும் மாத்திரை மொத்த நீரையே குறைக்கிறது. மூன்றும் ஒரே வயிற்றுக்குள் போனால் வடிகட்டத் தேவையான அழுத்தமே இல்லாமல் போய்ச் சிறுநீரகம் முடங்கக்கூடும். வாந்தி பேதி உள்ள நாளில் ஆபத்து இன்னும் அதிகம். அப்படிப்பட்ட நாளில் எந்த மாத்திரையைத் தொடர்வது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை, தைலம் தடவியும் தீராத வலிக்குப் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த மாத்திரை, எதுவானாலும் அட்டையோடு கொண்டுபோய் சிஸ்டரிடம் காட்டிவிடுங்கள்.