ஒரு பம்ப் நின்றால் ஏன் கன்வேயரும் நிற்க வேண்டும்: ட்ரீம்வேர்ல்ட் விபத்தும் அலட்சியத்தின் கணக்கும்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கோல்டு கோஸ்ட் நகரில் உள்ள ட்ரீம்வேர்ல்ட் பொழுதுபோக்குப் பூங்காவில் 2016 அக்டோபர் 25 அன்று நடந்த விபத்தைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். "தண்ணீர் குறைந்ததால் நான்கு பேர் இறந்தார்கள் என்று படித்தேன். வெள்ளம் வந்தால் ஆபத்து என்பது புரிகிறது. தண்ணீர் குறைந்தால் என்ன ஆபத்து? பம்ப் பழுதானதற்கு நிறுவனத்தை எப்படிப் பொறுப்பாக்க முடியும்?" முதல் கேள்வி இயற்பியல், இரண்டாவது சட்டம். முதலாவதற்கு ஒழுங்காகப் பதில் சொன்னால் இரண்டாவதற்கான பதில் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

தண்டர் ரிவர் ராபிட்ஸ் என்ற அந்த விளையாட்டு 1986 டிசம்பரில் திறக்கப்பட்டது. செயற்கை ஆற்றில் ஆறு பேர் அமரும் வட்டப் படகு சுழன்று சுழன்று வரும். கடைசியில் சாய்வான ஒரு கன்வேயர் (சுமையை ஏற்றிக்கொண்டு ஓடும் பட்டை) படகை மேலே ஏற்றிவிடும். அங்கே படகு மறுபடியும் நீரில் இறங்கி, மிதந்தபடியே பயணிகள் இறங்கும் மேடைக்குப் போகும். அந்த இடத்தில் நீருக்கடியில் எஃகுத் தாங்கு கம்பிகள் இருந்தன. நீர் இறங்கினால் படகு அவற்றின் மேல் அமரும். ஆற்றில் நீரை ஓட வைத்தவை இரண்டு பெரிய பம்புகள்.

அன்று மதியம் 2 மணிக்குச் சற்றுப் பின்னர் ஒரு பம்ப் ட்ரிப் ஆகி நின்றது. அதே பம்ப் அந்த நாளில் மூன்றாவது முறையாக நின்றது. நீர்மட்டம் இறங்கியது. ஒரு படகு தாங்கு கம்பிகளின் மேல் உட்கார்ந்துவிட்டது. கன்வேயர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அது ஆறு பேர் இருந்த அடுத்த படகைக் கொண்டுவந்து நின்ற படகின் மீது மோதவைத்து, மேலும் தள்ளியது. இரண்டு படகுகளும் தூக்கிக்கொண்டன. பயணிகள் இருந்த படகு செங்குத்தாக நிமிர்ந்து கன்வேயரின் இயந்திரப் பகுதிக்குள் இழுக்கப்பட்டது. பெரியவர்கள் நான்கு பேரும் இறந்தார்கள். அதே படகில் இருந்த இரண்டு சிறுவர்கள் உயிர் தப்பினார்கள்.

இப்போது நீர்மட்டத்துக்கு வருவோம். இந்த விபத்தில் மிக நுட்பமான இடம் இதுதான்.

தொட்டியில் உள்ள நீர்மட்டம் வேறு, ஓடும் நீரின் மட்டம் வேறு. தொட்டியில் ஊற்றுவதை நிறுத்தினால் இருக்கும் நீர் அப்படியே நிற்கும். செயற்கை ஆற்றில் நீர் ஒரு பக்கம் ஏற்றப்படுகிறது, மறுபக்கம் விளிம்பைத் தாண்டி வழிந்து கீழே உள்ள குளத்துக்குப் போகிறது. உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகும் உயரத்தில் மட்டம் நிற்கிறது. பம்பின் வேகம்தான் அந்த ஆழம். ஒரு பம்ப் நின்றால் வரத்து பாதியாகிறது, வடிவது உடனே பாதியாவதில்லை. ஆகவே மட்டம் புதிய சமநிலையைத் தேடி இறங்குகிறது. நின்ற பம்பின் குழாய் வழியே நீர் பின்னோக்கி ஓட வழியிருந்தால் இன்னும் விரைவாக இறங்கும். மடையைப் பாதி மூடிய வாய்க்காலைப் பார்த்த எந்த விவசாயிக்கும் இது தெரிந்ததுதான்.

எவ்வளவு இறங்கும்? அகலமான விளிம்பைத் தாண்டி வழியும் நீரின் அளவு, விளிம்புக்கு மேல் உள்ள உயரத்தின் ஒன்றரையாவது அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வரத்து பாதியானால் உயரம் பழையதில் 63 சதவீதமாகும். பாதியாகக் குறையவில்லையே, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தானே போனது என்று தோன்றலாம். படகுக்கு அது போதுமா என்று பார்ப்போம்.

ட்ரீம்வேர்ல்ட் படகின் அளவுகளை விட்டுவிட்டு, கணக்குக்காக ஒரு படகை எடுத்துக்கொள்கிறேன். குறுக்களவு 2.5 மீட்டர், ஆட்களோடு எடை 1,200 கிலோ. அடிப்பரப்பு ஏறத்தாழ 4.9 சதுர மீட்டர். மிதப்பதற்கு 1.2 கன மீட்டர் நீரை விலக்க வேண்டும், அதாவது படகு 24.5 சென்டிமீட்டர் அமிழும். நீர் வழியும் விளிம்பும் தாங்கு கம்பிகளும் ஒரே மட்டத்தில் இருப்பதாகவும், இரண்டு பம்பும் ஓடும்போது கம்பிக்கு மேல் 30 சென்டிமீட்டர் நீர் இருப்பதாகவும் கொள்வோம். படகுக்கும் கம்பிக்கும் இடையே ஐந்தரை சென்டிமீட்டர் இடைவெளி. படகு ஜம்மென்று மிதக்கும்.

ஒரு பம்ப் நிற்கிறது. 30 சென்டிமீட்டர் நீர் 19 ஆகிறது. நீர் இப்போது படகின் எடையில் 77 சதவீதத்தைத்தான் தாங்கும். மீதி ஏறத்தாழ 275 கிலோ கம்பிகள் மேல் இறங்குகிறது. நனைந்த எஃகுக்கும் படகின் அடிப்பகுதிக்கும் உராய்வுக் கெழு 0.4 என்று வைத்தாலும், படகை நகர்த்த 110 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் நீர், அமிழ்ந்த பக்கத்தின் மேல் கொடுக்கும் தள்ளுவிசை சுமார் 24 கிலோ எடைக்குச் சமம். தேவையில் கால்பங்குகூட இல்லை. கரையில் நின்று பார்ப்பவருக்கு ஆறு ஓடிக்கொண்டிருப்பதாகவே தெரியும். படகைச் சுற்றித் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். படகு மட்டும் நகராது.

கன்வேயருக்கு இது எதுவும் தெரியாது. அதன் மோட்டாருக்கு 24 கிலோவும் 110 கிலோவும் ஒன்றுதான், ஒரு டன் படகைச் சாய்வில் ஏற்றவே கட்டப்பட்டது அது. முன்னால் தடை இருந்தால் தள்ளும். தடை நகராவிட்டால், வட்டமான இரண்டு விளிம்புகள் முட்டும் இடத்தில் கிடைவிசையின் ஒரு பகுதி மேல்நோக்கித் திரும்பி, படகுகள் எழும்பும். நீர் ஆற்றலால் ஓடும் படகும், மின் ஆற்றலால் ஓடும் கன்வேயரும் ஒன்றையொன்று நம்பியிருக்கும் அமைப்பு இது. ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு மின்கம்பிகூட இல்லை. ஒரு பம்ப் நின்றால் கன்வேயரைத் தானாக நிறுத்தும் ஏற்பாடு அங்கே இல்லை. நீர்மட்டத்தை அறிய சென்சார் இல்லை. கால்வாய்ச் சுவரில் படிந்திருந்த அழுக்குக் கோட்டைப் பார்த்துத்தான் நீர் குறைந்ததா என்று ஊழியர் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. அதே ஊழியர் ஒரு நிமிடத்துக்குள் முடிக்கவும் கவனிக்கவும் வேண்டியவை முப்பதுக்கு மேல் என்று விசாரணையில் வெளிவந்தது.

அந்த இல்லாத மின்கம்பி எப்படி இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். பாதுகாப்புப் பொறியியலில் எனக்கு மிகப் பிடித்த யோசனை இதில்தான் இருக்கிறது.

மொட்டை மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச் பல வீடுகளில் இருக்கிறது. அதே சுவிட்சைக் கால்வாயில் வைத்து, "நீர் குறைந்தால் ஒரு சிக்னல் அனுப்பு, சிக்னல் வந்தால் கன்வேயரை நிறுத்து" என்று இணைத்துவிடலாம் என்று முதலில் தோன்றும். இது தவறான இணைப்பு. கம்பியை எலி கடித்துவிட்டால் நீர் குறைந்தாலும் சிக்னல் போகாது. கம்பி அறுந்தது யாருக்கும் தெரியாது, விபத்து நடக்கும் நாள்வரை எல்லாம் நன்றாக இருப்பதாகவே காட்டும்.

சரியான இணைப்பு தலைகீழானது. நீர் போதுமான மட்டத்தில் இருக்கும்போது சுவிட்ச் மூடியிருந்து மின்னோட்டம் ஓட வேண்டும். பம்ப் 1 ஓடுகிறது என்பதற்கு ஒரு தொடுமுனை, பம்ப் 2-க்கு ஒன்று, நீர்மட்டத்துக்கு ஒன்று, அவசர நிறுத்தப் பொத்தான்கள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று என எல்லாம் ஒரே வரிசையில், தொடரிணைப்பில் இருக்க வேண்டும். அந்த மின்னோட்டம்தான் பாதுகாப்பு ரிலே என்ற மின்காந்த சுவிட்சின் சுருளைப் பிடித்துவைத்திருக்கிறது, ரிலே கன்வேயர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய சுவிட்சான கான்டாக்டரைப் பிடித்துவைத்திருக்கிறது. வரிசையில் எது திறந்தாலும், கம்பி அறுந்தாலும், மின்சாரமே போனாலும், சுருள் விடுகிறது, ஸ்பிரிங் இழுக்கிறது, கன்வேயர் நிற்கிறது. கெட்ட செய்தி வருவதற்காக இந்தச் சுற்று காத்திருப்பதில்லை. நல்ல செய்தி தொடர்ந்து வந்துகொண்டிருந்தால்தான் இயந்திரத்தை ஓட விடுகிறது. பழுது நேர்ந்தால் அமைப்பு தானாகவே பாதுகாப்பான நிலைக்கு விழுகிறது. எத்தனை பெரிய கணினியும் இதைவிட அழகாக ஒன்றைச் செய்துவிடாது என்றே நினைக்கிறேன்.

இன்னும் மூன்று நுணுக்கங்கள் உண்டு. கான்டாக்டரின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளலாம், அதனால் இரண்டு கான்டாக்டர்களைத் தொடரில் போட்டு, ஒன்று ஒட்டிக்கொண்டால் அடுத்த முறை இயக்க விடாமல் ரிலே தடுக்க வேண்டும். இரண்டாவது, நீர் திரும்ப ஏறினால் கன்வேயர் தானாகக் கிளம்பக் கூடாது. ஒருவர் நேரில் பார்த்து ரீசெட் பொத்தானை அழுத்த வேண்டும். மூன்றாவதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். அவசரப் பொத்தான் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று பம்புகளையும் சேர்த்து வெட்டிவிட்டால், நீர் இறங்கி மற்ற படகுகளும் தரைதட்டும். எதை எந்த வரிசையில் நிறுத்துவது என்பதை ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனியாக யோசிக்க வேண்டும்.

நிறுத்துவதற்கு ஆகும் நேரமும் முக்கியம். ட்ரீம்வேர்ல்டில் முதன்மைக் கட்டுப்பாட்டுப் பலகையில் இருந்த பொத்தான் கன்வேயரை மெதுவாக, ஏழெட்டு நொடியில் நிறுத்தியது. இறங்கும் மேடையருகே இருந்த இன்னொரு பொத்தான் இரண்டே நொடியில் நிறுத்தக்கூடியது. அதன் அருகே நின்ற ஊழியர் அன்று காலையில்தான் அந்த வேலைக்குப் பயிற்சி பெற்றவர், அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்பது அவருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும் கன்வேயர் சீராக வேகம் குறைந்து நின்றால், ஏழு நொடியில் 1.75 மீட்டர் போகும், இரண்டு நொடியில் அரை மீட்டர்தான்.

இனி சட்டம். அலட்சியம் என்பதை ஆஸ்திரேலிய நீதிமன்றங்கள் எப்படி அளக்கின்றன என்பதற்கு 1980-இல் அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம் தீர்த்த, வயாங் ஷயர் கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பின் வழக்கு அடிப்படை. அதுவும் நீர் விளையாட்டு, அதுவும் ஆழம் பற்றிய வழக்கு. ஏரியில் ஆழப்படுத்தப்பட்ட பகுதி ஒன்றின் அருகே "ஆழமான நீர்" என்று கவுன்சில் பலகை வைத்தது. பலகைக்கு அப்பால் ஆழம் என்று புரிந்துகொண்ட, அனுபவம் குறைந்த ஒருவர் படகால் இழுக்கப்பட்டு நீரின் மேல் சறுக்கும் விளையாட்டில் (வாட்டர் ஸ்கீயிங்) அங்கே விழுந்தார். அங்கே ஆழமில்லை, அவர் உடல் செயலிழந்தது. நீதிபதி மேசன் தந்த அளவுகோல் எளியது: கற்பனைக்கு எட்டாத அபாயமாக இல்லாவிட்டால் அது முன்கூட்டியே அறியத்தக்கது. அதன் பிறகு அபாயத்தின் அளவையும் நிகழும் வாய்ப்பையும் ஒரு பக்கம் வைத்து, தடுக்கும் செலவையும் சிரமத்தையும் மறுபக்கம் வைத்து எடைபோட வேண்டும். கவுன்சில் பொறுப்பு என்று தீர்ப்பானது.

குயின்ஸ்லாந்தின் 2011-ஆம் ஆண்டு பணியிடப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கறாரானது. அபாயத்தின் வாய்ப்பு, தீங்கின் அளவு, நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது, தெரிந்திருக்க வேண்டியது, தடுக்கும் வழிகள் ஆகிய எல்லாவற்றையும் பார்த்த பிறகே செலவைப் பேசலாம். அப்போதும் செலவு அபாயத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவுக்கு மிகையாக இருந்தால்தான் அது காரணமாகும்.

இந்த அளவுகோலில் ட்ரீம்வேர்ல்டை வைத்துப் பாருங்கள். தீங்கு: மரணம். தெரிந்திருந்ததா? 2001-இலேயே அதே விளையாட்டில் ஆளில்லாத படகுகள் கன்வேயரருகே மோதிக் கவிழ்ந்திருந்தன, 2014-இலும் படகுகள் மோதின. தடுக்கும் வழி: சில ஆயிரம் டாலரில் முடியக்கூடிய நீர்மட்ட சென்சாரும் மேலே சொன்ன தொடரிணைப்பும். பம்ப் பழுதாவதை யாராலும் முழுக்கத் தடுக்க முடியாது, அதற்காக யாரும் நிறுவனத்தைக் குற்றம் சொல்லவில்லை. பழுதாகும் என்று தெரிந்த பம்பின் மேல் மனித உயிரை நேரடியாகத் தொங்கவிட்டதுதான் குற்றம்.

நுழைவுச் சீட்டில் "சொந்தப் பொறுப்பில்" என்று அச்சடித்தால் தப்பிக்கலாமா? அந்தச் சட்டத்தின் 272-ஆம் பிரிவு, அது விதிக்கும் கடமைகளை ஒப்பந்தத்தால் விலக்க முடியாது என்கிறது. வெளிப்படையான அபாயமுள்ள விளையாட்டு என்ற வாதமும் இங்கே நிற்காது. நனைவதும் குலுங்குவதும் பயணிக்குத் தெரியும், இரண்டு பம்பும் கன்வேயரும் இணைக்கப்படவில்லை என்பது எப்படித் தெரியும்?

குயின்ஸ்லாந்தில் மரண விசாரணை நடத்தும் கொரோனர் யாரையும் குற்றவாளி என்றோ இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்றோ சொல்லக் கூடாது. காரணத்தைக் கண்டறிந்து, தேவையானால் வழக்குத் தொடுப்பவர்களுக்கு அனுப்பலாம். 2020 பிப்ரவரியில் அறிக்கை அப்படித்தான் போனது. அந்த ஆண்டு ஜூலையில், பூங்காவின் உரிமையாளரான ஆர்டென்ட் லெஷர் நிறுவனம் மூன்று குற்றச்சாட்டுகளை ஒப்புக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு 15 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். செப்டம்பரில் விதிக்கப்பட்ட அபராதம் மொத்தம் 36 லட்சம். தனி மனிதர்கள் யார் மீதும் வழக்கு இல்லை. 2017 அக்டோபரிலேயே மாநிலம் தொழில்சார் மரண விளைவிப்பு என்ற புதிய குற்றத்தைச் சட்டத்தில் சேர்த்தது: மூத்த அதிகாரிகளுக்கு 20 ஆண்டுவரை சிறை, நிறுவனத்துக்கு 1 கோடி டாலர்வரை அபராதம். பின்தேதியிட்டு அதைப் பயன்படுத்த முடியாது.

இத்தகைய சாவுகளை "விதி", "நேரம் சரியில்லை" என்று நம் ஊரில் சொல்லக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. 2001-இல் நடந்ததன் பதிவு பூங்காவின் சொந்தக் கோப்பிலேயே இருந்தது. ஆயுத பூஜைக்கு ராட்டினத்துக்குப் பொட்டு வைப்பது நல்லதே, அன்றே அவசரப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தால் இன்னும் நல்லது. அமெரிக்க விமானத் துறையில் மயிரிழையில் தப்பிய சம்பவங்களை விமானிகள் அச்சமின்றிப் பதிவுசெய்ய நாசா 1976 முதல் ஓர் அமைப்பை நடத்துகிறது. ராட்டினங்களுக்கும் நீர்விளையாட்டுகளுக்கும் அரசுப் பணத்தில் அப்படி ஒன்று வேண்டும். விபத்துக்குப் பின் நடக்கும் விசாரணைக்குச் செலவழிப்பதில் சிறுபகுதி போதும்.

ஆய்வுக்குப் போகும் பொறியாளர் காகிதங்களைப் புரட்டும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. படகுகளில் ஆட்களுக்குப் பதில் மணல் மூட்டைகளை ஏற்றுங்கள். எல்லாம் ஓடும்போது ஒரு பம்பின் மின்சாரத்தை மட்டும் வெட்டுங்கள். யாரும் எதையும் தொடக் கூடாது. கன்வேயர் தானாக நிற்கிறதா, எத்தனை நொடியில், முன்னால் உள்ள படகுக்கு எவ்வளவு தூரத்தில் என்று அளந்து எழுதுங்கள். பிறகு அடுத்த பம்ப், பிறகு சென்சாரின் கம்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும். இவற்றில் ஒருமுறை கன்வேயர் தொடர்ந்து ஓடினாலும் அன்று கதவைத் திறக்கக் கூடாது.