எதிர்வினை: பாராட்டினாலும் அதுதானா?

பாராட்டினாலும் எதிர்வினை, பழித்தாலும் எதிர்வினை, உதட்டைப் பிதுக்கிவிட்டு நகர்ந்தாலும் எதிர்வினை. ஏதாவது ஒரு நாட்டின் புதிய தலைவர் அவையில் எழுந்து பேசிவிட்டால் போதும், மறுநாள் செய்தியில் 'அதிபர் உரைக்கு மக்கள் எதிர்வினை' என்று ஒரு தலைப்பு நிற்கும். உள்ளே போனால் 'வரவேற்று எதிர்வினையாற்றினர்' என்று ஒரு வாக்கியம். வரவேற்பதும் எதிர்ப்பதும் ஒரே மூச்சில் நடக்கிற விந்தை நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மட்டுமே கைவந்தது.

2024 நவம்பர் 21 அன்று இலங்கையின் பத்தாவது நாடாளுமன்றம் கூடியது. புதிய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அரசின் கொள்கையை எடுத்துரைத்தார். இனவாத அரசியலுக்கு இனி நாட்டில் இடமில்லை என்றார். 225 இடங்களில் 159 அவர் அணியின் கையில் இருந்தன. அந்த உரையை நாகப்பட்டினத்திலும் வேதாரண்யத்திலும் கூர்ந்து கேட்கக் காரணம் உண்டு: அக்கரைப்பேட்டையிலும் கோடியக்கரையிலும் படகு வைத்திருப்பவருக்குக் கொழும்பில் யார் என்ன பேசினாலும் அது வலை, படகு, சிறை சம்பந்தப்பட்ட பேச்சு. அவரிடம் போய் 'உங்கள் எதிர்வினை என்ன?' என்று மைக்கை நீட்டினால், சண்டைக்குத் தயாரா என்று கேட்பதாகத்தான் அவருக்குப் படும்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'எதிர்' திராவிட வேர். மலையாளத்தில் எதிர், தெலுங்கில் எதுரு. முகத்துக்கு நேரே இருப்பது என்பதே அடிப்படைப் பொருள். 'வினை' என்றால் செயல். இலத்தீனில் 'திரும்ப' என்ற முன்னொட்டும் 'செய்' என்ற வினையடியும் சேர்ந்து ஐரோப்பிய மொழிகளில் உலவும் 'ரியாக்‌ஷன்' என்ற சொல்லுக்கு, இரண்டு பாதியையும் தனித்தனியாக மொழிபெயர்த்து ஒட்டியதுதான் 'எதிர்வினை'. விசை பற்றிய பாடத்தில் அது கச்சிதமாகப் பொருந்தும். சுவரைத் தள்ளினால் சுவர் அதே அளவில் எதிர்த்திசையில் தள்ளுகிறது. அங்கே 'எதிர்' என்பது உண்மையிலேயே எதிர்த்திசை. இலங்கைப் பாடநூல்கள் இதையே 'தாக்கம், மறுதாக்கம்' என்று பிரிக்கின்றன, அதுவும் தெளிவு. பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிறவரை இந்தச் சொல்லோடு யாருக்கும் வழக்கில்லை.

மக்களிடம் வரும்போதுதான் சிக்கல். 'எதிர்' என்ற சொல்லுக்குப் பகை மட்டுமே பொருளா என்று கேட்டால், இல்லை. கொள்ளிடத்தின் எதிர்க்கரையில் பகைவர் யாரும் இல்லை. எதிர்வீட்டுக்காரரோடு நாம் தினமும் பேசுகிறோம். பெரியவர் வந்தால் எதிர்கொண்டு அழைக்கிறோம். தொல்காப்பியம் வருங்காலத்தையே 'எதிர்வு' என்கிறது, நம்மை நோக்கி வந்துகொண்டிருப்பது என்பதால். அழகான சொல். ஆனால் சொல்லை அகராதியில் வைத்துப் பார்ப்பது ஒன்று, அது போய் உட்காரும் இடத்தில் வைத்துப் பார்ப்பது வேறு. அரசியல் செய்தியில் 'எதிர்' வந்து உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஏற்கெனவே எதிர்க்கட்சி, எதிர்ப்பு, எதிரணி, எதிர்வாதம் எல்லாம் காலை நீட்டிப் படுத்திருக்கின்றன. 'உரைக்கு எதிர்வினை' என்று படித்ததும் கண்ணில் படுவது 'உரைக்கு எதிர்ப்பு'. 'வினை'யும் சாதுவான சொல் அல்ல. முன்வினை, தீவினை, வினை விதைத்தவன் என்று எல்லாம் ஒரு மாதிரி. இலக்கணத்தில் செய்வினை என்றால் ஒரு பொருள். கிராமத்தில் செய்வினை என்றால் தகடு, முட்டை, எலுமிச்சம்பழம். அந்தக் காதுக்கு 'எதிர்வினை' என்பது வைத்ததை எடுக்கிற வேலை.

சரி, மாற்று என்ன என்று கேட்டால் நான்கைந்து சொற்களை நீட்டுகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஓட்டை.

'எதிரொலி' என்பார்கள். கேட்க இனிமை. ஆனால் இதழ்கள் இதை ஏற்கெனவே வேறு வேலைக்கு அமர்த்திவிட்டன. 'செய்தி எதிரொலி: வாய்க்கால் தூர்வாரும் பணி தொடக்கம்', 'விலை உயர்வு எதிரொலி', 'கனமழை எதிரொலி' என்று அது 'அதன் விளைவாக' என்ற பொருளில் ஊன்றி நிற்கிறது. 'அதிபர் உரை எதிரொலி' என்று போட்டால், உரையால் என்ன நடந்தது, பங்குச்சந்தை விழுந்ததா, அமைச்சர் விலகினாரா என்று வாசகர் தேடுவார். தவிர, எதிரொலி என்பது சொன்னதையே திருப்பிச் சொல்வது. மருதாநல்லூர் பஜனை மரபில் பின்பாட்டு பாடுகிறவர் செய்வது அது. குடிமக்கள் செய்ய வேண்டியது அதுவல்ல.

'பிரதிபலிப்பு' இன்னும் மோசம். அது கண்ணாடியின் வேலை. 'உரை மக்களின் எண்ணத்தைப் பிரதிபலித்தது' என்றால் சரி. 'உரைக்கு மக்களின் பிரதிபலிப்பு' என்றால் யார் கண்ணாடி, யார் முகம் என்றே தெரியாது.

இவற்றையெல்லாம் விட எனக்குப் பொறுக்காதது 'துலங்கல்'. உளவியல் பாடநூலில் 'தூண்டல், துலங்கல்' என்ற இணை உண்டு. ஊசி குத்தினால் கை இழுத்துக்கொள்வது துலங்கல். அங்கே அது கலைச்சொல், இருந்துவிட்டுப் போகட்டும். அதை அங்கிருந்து கிளப்பி 'ஜனாதிபதி உரைக்குப் பொதுமக்கள் துலங்கல்' என்று எழுதுகிறவர்கள், 'எதிர்வினை'யை விடத் தூய்மையானது என்று வேறு வாதாடுகிறார்கள். தூய்மையில் இரண்டும் ஒன்றுதான். இரண்டிலும் வடசொல் கிடையாது. வழக்கு என்ன சொல்கிறது என்பதே கேள்வி. துலங்குதல் என்றால் ஒளிவிடுதல், விளங்கித் தோன்றுதல். நாச்சியார்கோயில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கினால் அது துலங்கும். கும்பகோணத்தில் பாத்திரக்கடைக்குப் போகிற எந்தப் பெண்மணிக்கும் இது தெரியும். 'மக்கள் துலங்கினர்' என்று எழுதினால் யாரோ அவர்களைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள் என்றுதான் அந்த அம்மாள் நினைப்பார். அதற்கு மேல் ஒரு குறை உண்டு, அதுதான் பெரியது. துலங்கல் என்பது தன்னறியாமல் நிகழ்வது. உரையைக் கேட்டு, யோசித்து, பிடித்தது பிடிக்கவில்லை என்று சொல்கிற மனிதரை ஊசி குத்திய தவளைக்காலோடு சேர்ப்பது மொழிப்பிழை மட்டுமல்ல, மரியாதைப் பிழையும்கூட.

தனித்தமிழ் மீது இந்தக் கட்டுரைக்குக் கோபம் இல்லை. மறைமலையடிகள் 1876இல் பிறந்தது நாகையில். கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911இல் எழுந்தது தஞ்சையில். டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு தனித்தமிழைக் கேலி செய்தால் அது நன்றிகெட்ட வேலை. ஆனால் அந்த மரபில் வந்தவர்கள் ஆட்சியிலும் மேடையிலும் நிலைக்க வைத்த சொற்களைப் பாருங்கள்: தலைவர், உறுப்பினர், பிரசங்கம் போய் சொற்பொழிவு. கேட்டதும் புரியும். புரியாத தூய்மைக்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர்.

பொருளுக்கு ஏற்பச் சொல்லைப் பிரிக்கத் தமிழர்களுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். இதே இலத்தீன் வேரில் பிறந்த 'ரியாக்‌ஷனரி' என்ற அரசியல் வசைச்சொல் ஒன்று உண்டு. மாற்றத்தைத் தடுத்துப் பழையதற்கே இழுப்பவரைக் குறிப்பது. அதை யாரும் 'எதிர்வினையாளர்' என்று மொழிபெயர்க்கவில்லை. 'பிற்போக்காளர்' என்றார்கள். கீழத்தஞ்சையின் செங்கொடி மேடைகளில் அந்தச் சொல் முழங்கியபோது விளக்கவுரை தேவைப்படவில்லை. மொழிபெயர்த்தவர் சொல்லைப் பார்க்கவில்லை, சொல் செய்கிற வேலையைப் பார்த்தார்.

அதையே இங்கும் செய்ய வேண்டும். அவையில் ஒரு தலைவர் பேசும்போது நடப்பவை ஒன்றல்ல. பேச்சின் நடுவே நடப்பது ஒன்று. பதவியேற்ற முதல் ஆண்டிலேயே, 2009 செப்டம்பர் 9 அன்று, ஒபாமா அமெரிக்கக் காங்கிரசின் கூட்டுக்கூட்டத்தில் மருத்துவக் காப்பீடு பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஜோ வில்சன் என்ற உறுப்பினர் 'பொய் சொல்கிறீர்' என்று கத்தினார். ஆறு நாள் கழித்து அவர் நடத்தையை ஏற்கவில்லை என்று பிரதிநிதிகள் அவை 240-க்கு 179 என்ற கணக்கில் தீர்மானம் போட்டது. வில்சன் செய்தது குறுக்கீடு, கூச்சல். இதற்கு நம்மிடம் சொல் பஞ்சமே இல்லை: கைதட்டல், மேசைதட்டல், கூச்சல், குறுக்கீடு, வெளிநடப்பு. சட்டமன்றச் செய்தி படிக்கிற எவருக்கும் இவை மனப்பாடம்.

பேச்சுக்குப் பிறகு முறைப்படி சொல்லப்படுவது இன்னொன்று. அமெரிக்காவில் 1966 முதல் எதிர்க்கட்சி தொலைக்காட்சியில் தன் தரப்பைச் சொல்கிறது. இந்தியாவில் அரசியலமைப்பின் 87ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் உரையாற்றுகிறார். நன்றி தெரிவிக்கும் தீர்மானத்தின் மீது உறுப்பினர்கள் பேசுகிறார்கள். கடைசியில் பிரதமர் பதிலுரை தருகிறார். 'பதிலுரை' ஆளுநர் உரைக்கும் வழங்கும் சொல். 'பதில்' அரபு வழி வந்தது என்று ஒதுக்குகிறவர்களுக்கு 'மறுமொழி' இருக்கிறது, உ.வே.சா. காலத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது. சொல்லுக்குச் சொல் திரும்ப வருமானால் அது மறுமொழி. இதில் ஐயம் எங்கே வந்தது?

மிச்சம் இருப்பது பொதுமக்கள். சொல்லாமலே முகத்தில் தெரிவதற்குத் தொல்காப்பியம் 'மெய்ப்பாடு' என்று பெயர் வைத்து எட்டாகப் பிரித்தது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. ஒரு புதிய அதிபரின் முதல் உரையைக் கேட்ட கூட்டத்தின் முகங்களை இந்த எட்டில் அடக்கிவிடலாம், இளிவரல் என்ற இழிவுணர்வு உட்பட. மெய்ப்பாட்டைத் தலைப்பில் போடுங்கள் என்று சொல்லவில்லை; அது தலைப்புக்குக் கனம். ஆனால் 'எதிர்வினை' என்று மூடிப் போடுகிற இடத்தில், எட்டில் எது என்று ஒரு கணம் யோசித்தால் எழுத வேண்டிய சொல் தானாக வந்துவிடும். மகிழ்ந்தார்கள், அஞ்சினார்கள், சினந்தார்கள், வியந்தார்கள்.

வாய்விட்டுச் சொன்னதற்கோ வினைச்சொல்லே போதும். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று. 'எதிர்வினையாற்றினர்' என்பதை எடுத்துவிட்டு வாக்கியத்தை மறுபடி படியுங்கள். 'பாராட்டி எதிர்வினையாற்றினர்' என்பது 'பாராட்டினர்' ஆகும். எதுவும் குறையவில்லை, வாக்கியம் மெலிந்து நிமிர்ந்தது. 'கடும் எதிர்வினை' என்றால் 'கண்டனம்'. 'கலவையான எதிர்வினை' என்று ஒரு கொடுமை வருகிறதே, அது 'சிலர் வரவேற்பு, சிலர் அதிருப்தி'. 'எதிர்வினை ஏதுமில்லை' என்பது 'யாரும் கண்டுகொள்ளவில்லை'. ஒரே ஒரு பெயர்ச்சொல்தான் வேண்டும், தலைப்பில் இடமில்லை என்று அடம்பிடித்தால் 'மக்கள் கருத்து' இருக்கிறது. கருத்து வேறு, உடனடி உணர்வு வேறு என்று நுணுக்கம் பேசுகிறவர்களுக்கு 'மக்கள் சொல்வதென்ன?' மன்னார்குடிப் பக்கம் கேட்டால் 'அதுக்கு ஊர்ல என்ன பேச்சு?' என்பார்கள். பேச்சுக்குப் பேச்சு, இதைவிடச் சிக்கனமான இணை எந்த அகராதிக்குழுவும் தராது.

இதே செய்திகளில் வரும் இன்னொரு தொந்தரவு 'சட்டமியற்றுபவர்கள்'. 'சட்டமியற்றுபவர்கள் மத்தியில் அதிபர் உரை' என்று எழுதுகிறார்கள். அமெரிக்கச் செய்தி நிறுவனங்களின் சொல்லை அப்படியே பெயர்த்தது. நமக்கு அவர்கள் உறுப்பினர்கள், வாயில் எம்.எல்.ஏ., எம்.பி. 'நாடாளுமன்றத்தில் உரை' என்றாலே யார் முன்னால் பேசினார் என்பது விளங்கிவிடும். 'அதிபர்' பற்றியும் ஒரு வார்த்தை: இலங்கைச் செய்தி எழுதும்போது அங்குள்ளவர்கள் சொல்வது போல 'ஜனாதிபதி' என்றே எழுதுங்கள். யாழ்ப்பாணத்தில் அதிபர் என்றால் பள்ளித் தலைமையாசிரியர். தஞ்சாவூரிலும் அந்தச் சொல்லைக் கேட்டால் முதலில் நினைவுக்கு வருபவர் ஆலை அதிபர்தான்.

இணையத்தில் ஒருவர் உரையைப் பார்த்துக்கொண்டே முகம் காட்டிப் படம் பிடித்துப் போடுகிறாரே, அந்த 'ரியாக்‌ஷன் வீடியோ'வை மட்டும் யாரும் தமிழாக்கப் புறப்பட வேண்டாம். அந்தப் பண்டத்தின் பெயரே அதுதான். செய்கிறவரும் பார்க்கிறவரும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.