அக்கிக்குக் காவி எழுதும் முன் மூன்று நாள் கணக்கைப் பாருங்கள்

சென்ற வாரம் அம்பாசமுத்திரம் பக்கத்துச் சிற்றூரிலிருந்து பீடி சுற்றும் ஆச்சி ஒருவர் பாளையங்கோட்டையில் எங்கள் தோல் நோய் வார்டுக்கு வந்தார். நெற்றியின் வலப்பாதி முழுவதும் அக்கிக்கு எழுதிய செங்காவி காய்ந்து, செதில் செதிலாக வெடித்திருந்தது. வலக்கண் இமை வீங்கி மூடிக் கிடந்தது. சலைனில் (உப்பு நீரில்) நனைத்த துணியை வைத்து ஊறவிட்டு, கொப்புளத் தோல் கிழியாமல் காவியை எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. "தண்ணி படக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ தாயி" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். கொப்புளம் வந்து அன்று ஆறாம் நாள். இந்த மாதத்தில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாமவர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பலர் நினைப்பதுபோல் அக்கி சூட்டினால் வருவதில்லை. என்றோ வந்துபோன சின்னம்மையின் கிருமி நரம்பு முடிச்சில் உறங்கிக் கிடந்து, முதுமையிலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ விழித்து, அந்த நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகப் படர்கிறது.

"எங்க அம்மாவுக்குக் காவி எழுதித்தானே ஆறுச்சு" என்று சொல்லாதவர்கள் குறைவு. ஆறியது உண்மைதான், ஆனால் காவி எழுதாமல் இருந்திருந்தாலும் அது ஆறியிருக்கும். அக்கிக் கொப்புளம் ஏழு முதல் பத்து நாளில் தானே பொருக்குத் தட்டும். மூன்று நாள் எழுதிவிட்டு நான்கு நாள் காத்திருந்தால், தானாக ஆறியதன் பெயர் காவிக்குப் போய்விடுகிறது. காவி நரம்புக்குள் இருக்கும் கிருமியைத் தொடுவதே இல்லை. கொப்புளம் ஆறிய பிறகும் மூன்று மாதம் தாண்டி நீளும் எரிச்சலையும், முந்தானை உரசினாலே துடிக்க வைக்கும் வலியையும் அக்கியின் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை.

கிருமியை அடக்கும் மாத்திரையை, கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். பாளையங்கோட்டை வரை வர வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டினாலே என்னவென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் நெற்றியிலோ இமையிலோ மூக்கு நுனியிலோ ஒரு கொப்புளம் இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்த்தாக வேண்டும், பார்வையே போகக்கூடும். நாள் கடந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள், கண்ணில் வந்திருந்தால் எப்போதானாலும் வந்துவிடுங்கள்.

தாராளமாகக் குளிக்கலாம். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கொப்புளத்தைக் குத்தாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்பு மாத்திரைக்கு ஈடாகாது. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் நிலைமை மோசமாகும். கொப்புளம் வற்றியதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களிடம் எனக்குக் கோபமே வருகிறது. மருத்துவர் சொன்ன நாள் வரை விழுங்குங்கள். பொருக்குத் தட்டும் வரை, சின்னம்மை வராத கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் நெருங்க விடாதீர்கள். கொப்புள நீரிலிருந்து அவர்களுக்குச் சின்னம்மை தொற்றும்.

அக்கி எழுதும், மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுப் பெரியவர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மக்கள் முதலில் உங்களைத்தான் தேடி வருகிறார்கள், நீங்கள் சொன்னால் கேட்பார்கள். முகத்தில் அக்கியோடு வருபவரைக் காவி குழைக்கும் முன்பே, அன்றைய பேருந்திலேயே மருத்துவமனைக்கு ஏற்றி விடுங்கள்.