குளிரவே இல்லை என்று நண்பன் சொன்னால் அவனைத் தனியே விடாதீர்கள்

“அக்கா, எனக்குக் குளிரவே இல்லையே. அப்புறம் எப்படி?”

தெளிந்து பேசத் தொடங்கியதும் அந்தத் தம்பி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. வயது 23. மாஸ்டர்ஸ் படிக்க ஜெர்மனிக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் நண்பர்கள் நாலு பேர் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு டிரெஸ்டன், பிராக், வியன்னா, புடாபெஸ்ட் என்று ஒன்பது நாள் சுற்றக் கிளம்பியிருக்கிறார்கள். முதல் நாள் இரவே அவன் ஆம்புலன்ஸில், நான் மருத்துவராக இருக்கும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிட்டான். உடலின் உள்வெப்பம் 31.2 டிகிரி செல்சியஸ். 37-ஐ ஒட்டி இருக்க வேண்டியது. 35-க்குக் கீழே இறங்கினாலே ஹைப்போதெர்மியா என்ற ஆபத்து நிலை தொடங்கிவிட்டது என்று பொருள்.

அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்த ஒரு டிசம்பரில் நான் பார்த்த மூன்றாவது பிள்ளை இவன். மூன்று பேருமே 25 வயதுக்குள். மூன்று பேருமே பயணத்தின் நடுவில் வந்தவர்கள். மூன்று பேர் வயிற்றிலும் க்ளூவைன் என்ற மசாலா வாசனைச் சூடான ஒயின் இருந்தது.

அன்று நடந்தது இதுதான். பிராக் போக மலிவான டிக்கெட் கிடைத்தது விடிகாலை 3 மணிப் பேருந்துக்கு. விடுதிச் செலவு மிச்சம் என்று அன்றிரவு அறை எடுக்கவில்லை. 1434 முதல் நடந்துவரும் டிரெஸ்டன் கிறிஸ்துமஸ் சந்தையில் மாலை முழுக்கச் சுற்றியிருக்கிறார்கள். பகலெல்லாம் சாப்பிட்டது ஆளுக்கு ஒரு பிரெட்டும் வாழைப்பழமும். சந்தையில் இவன் மட்டும் நாலு கோப்பை க்ளூவைன் குடித்திருக்கிறான். கடைகள் மூடிய பிறகு மற்றவர்கள் ஒரு பர்கர் கடைக்குள் ஒதுங்கப் போக, இவன் “எனக்கு உடம்பு கதகதன்னு இருக்குடா, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்” என்று ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். வெளியே மைனஸ் 4 டிகிரி. எல்பே ஆற்றின் மேல் காற்று வேறு.

நாற்பது நிமிடம் கழித்து நண்பர்கள் திரும்பி வந்து பார்த்தபோது ஜாக்கெட் ஜிப் திறந்து கிடந்தது. உடம்பில் நடுக்கமே இல்லை. பேச்சு குழறியது. போதை தலைக்கேறிவிட்டது, கொஞ்ச நேரம் தூங்கட்டும் என்று பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். நாயோடு அந்த வழியாக வந்த ஒரு பாட்டியம்மா அவன் முகத்தைப் பார்த்துவிட்டு 112-ஐ அழைத்ததால்தான் இன்று இதை எழுதும்போது அவன் உயிரோடு இருக்கிறான்.

“கொஞ்சம் சரக்கு போட்டா உடம்பு சூடாகும்.”

இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை முறை கேட்டுவிட்டேன்! சளி பிடித்த குழந்தைக்குப் பாலாடையில் இரண்டு சொட்டு பிராந்தி புகட்டும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். அதனால் நமக்கு இதில் சந்தேகமே வருவதில்லை. ஐரோப்பியர்களுக்கும் இதே நம்பிக்கை உண்டு. கழுத்தில் பிராந்திப் பீப்பாயோடு ஆல்ப்ஸ் பனியில் ஆட்களைத் தேடும் செயின்ட் பெர்னார்ட் நாயின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆல்ப்ஸில் செயின்ட் பெர்னார்ட் கணவாயில் துறவிகள் வளர்த்த மீட்பு நாய்கள் உண்மைதான். பீப்பாய் மட்டும் எட்வின் லாண்ட்சீர் என்ற ஆங்கில ஓவியர் 1820-ஐ ஒட்டி வரைந்த ஓவியத்திலிருந்து பரவிய கற்பனை. இருநூறு வருடமாக அந்தப் பீப்பாயை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

குளிர் பட்டதும் உடல் செய்யும் முதல் வேலை தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்குவது. கை கால் விறைத்தாலும் பரவாயில்லை, இதயத்துக்கும் மூளைக்கும் சூடு போதும் என்று அது கணக்குப் போடுகிறது. மது அந்தக் குழாய்களைத் திறந்துவிடுகிறது. உள்ளே பத்திரமாக இருந்த வெதுவெதுப்பான ரத்தம் தோலுக்கு ஓடிவருகிறது. குளிரையும் சூட்டையும் உணரும் நரம்பு முனைகள் தோலில்தான் இருக்கின்றன. அதனால் கதகதப்பாக இருக்கிறது. அந்தக் கதகதப்பு உங்கள் உடலைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கும் சூடு. மார்கழி இரவில் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தால் வாசலில் நிற்பவனுக்கு இதமாக இருக்கும். வீடு குளிர்ந்துகொண்டிருக்கும்.

இதோடு முடிவதில்லை. நடுக்கம் என்பது உடல் தானே பற்றவைக்கும் அடுப்பு. நன்றாக நடுங்கும் உடல் ஓய்வில் இருப்பதைப்போலப் பல மடங்கு வெப்பத்தை உண்டாக்கும். மது நடுக்கத்தைக் குறைக்கிறது. நாள் முழுக்க நடந்து, சரியாகச் சாப்பிடாமல் குடித்தால் கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதையும் அது தடுக்கிறது. ரத்தச் சர்க்கரை இறங்கினால் நடுங்கவும் தெம்பிருக்காது. அந்தத் தம்பிக்குச் சர்க்கரை அளவு 54. “உள்ளே போய் உட்காரணும்” என்று தோன்ற வேண்டிய மூளையும் அப்போது மந்தமாகிவிடுகிறது. ஆகக் கதவு திறந்து கிடக்கிறது, அடுப்பில் விறகில்லை, காவல்காரனும் தூங்கிவிட்டான்.

“க்ளூவைன்ல என்ன அக்கா இருக்கு, சூடா சுக்குக் கஷாயம் மாதிரிதானே” என்று அவனுடைய நண்பன் கேட்டான். இல்லை தம்பி. பட்டை, கிராம்பு வாசனை நமக்குப் பழக்கமானது, இனிப்பு வேறு; அதனால் அப்படித் தோன்றுகிறது. அது ஒயின். 7 சதவீதத்துக்குக் குறைவாக ஆல்கஹால் இருந்தால் அந்தப் பெயரிலேயே விற்க முடியாது. ஆல்கஹால் இல்லாத சூடான பானம் கிண்டர்புன்ஷ் என்ற பெயரில் அநேகமாக எல்லாச் சந்தையிலும் கிடைக்கிறது. குடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குடித்தால் அன்று இரவு உங்களுக்கு ஒரு கூரையும் கட்டிலும் நிச்சயமாக இருக்க வேண்டும். குடித்துவிட்டு விடிகாலைப் பேருந்துக்காகத் தெருவில் காத்திருக்கும் திட்டம் வேண்டவே வேண்டாம். 20 யூரோ மிச்சம் பிடிக்கப்போய் அந்த நிலையில் வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

நடுங்கிக்கொண்டிருந்தவன் சூடான இடத்துக்குப் போகாமலேயே நடுக்கத்தை நிறுத்திவிட்டால் அது நல்ல சேதி அல்ல. உள்வெப்பம் 32-ஐ நெருங்கும்போது நடுக்கம் அடங்கத் தொடங்கும். இன்னும் கீழே போனால் சிலர் “வெக்கையா இருக்கு” என்று உடையைக் கழற்றுவார்கள். குழறல், தடுமாற்றம், சம்பந்தமில்லாத பதில், தூக்கம்: இவை போதைக்கும் பொது, குளிர்ந்துபோன உடலுக்கும் பொது. எங்களுக்கே வெப்பமானி வைத்துப் பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் நடுத்தெருவில் கணிக்க வேண்டாம். குளிர் என்றே எடுத்துக்கொண்டு 112-ஐ அழையுங்கள். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க அதே எண்தான், சுவிட்சர்லாந்திலும் அதே. கட்டணம் கிடையாது.

ஆம்புலன்ஸ் வரும்வரை ஈரத்துணி இருந்தால் கழற்றிவிட்டு உலர்ந்த துணி சுற்றுங்கள். தலையையும் கழுத்தையும் மூடுங்கள். கல் தரையோ இரும்பு பெஞ்சோ உடம்பில் படாமல் முதுகுப்பைகளை அடியில் போட்டுப் படுக்க வையுங்கள். முழுசாக விழித்திருந்து தானே கோப்பையைப் பிடித்துக் குடிக்க முடிந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். கை காலைத் தேய்க்காதீர்கள். “எழுந்து நடடா, சரியாயிடும்” என்று இழுத்து நடக்க வைக்காதீர்கள். சுடுநீர் ஷவருக்கடியில் நிறுத்தாதீர்கள். நன்றாகக் குளிர்ந்துபோன இதயம் முரட்டு அசைவுக்கே தாளம் தப்பி நின்றுவிடக்கூடும். ஆம்புலன்ஸ்காரர்கள் அவனைக் கண்ணாடிப் பாத்திரம்போலத் தூக்குவதைப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

1999-ல் நார்வேயில் அன்னா போகன்ஹோம் என்ற மருத்துவர் பனிச்சறுக்கின்போது உறைபனிக்கு அடியில் ஓடிய ஓடையில் சிக்கிக்கொண்டார். வெளியே எடுத்தபோது இதயம் நின்றிருந்தது. உடலின் வெப்பம் 13.7 டிகிரி. டிராம்சோ மருத்துவமனையில் மணிக்கணக்காக மெல்லச் சூடேற்றினார்கள். பிழைத்து எழுந்து மருத்துவப் பணிக்கே திரும்பினார். குளிர்ந்த உடலைச் சூடேற்றிப் பார்க்கும்வரை உயிர் போய்விட்டது என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் துறையின் பாடம். அசைவில்லாமல் கிடக்கிறானே என்று நீங்களும் கைவிட்டுவிடாதீர்கள். மூச்சில்லை என்றால் மார்பை அழுத்தத் தொடங்குங்கள். 112-ல் பேசுபவர் எப்படி என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

நண்பர்கள் ஏன் உடனே அழைக்கவில்லை என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்: “ஆம்புலன்ஸுக்கு ஆயிரக்கணக்குல பில் வரும்னு சொன்னாங்க. குடிச்சிருக்கான்னு தெரிஞ்சா விசாவுக்குப் பிரச்சனை ஆகும்னும் பயம்.” எனக்கு நெஞ்சே அடைத்துவிட்டது. ஜெர்மனியில் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருக்கும் மாணவர் அவசர ஆம்புலன்ஸுக்குத் தன் கையிலிருந்து கொடுப்பது அதிகபட்சம் 10 யூரோ. நோயாளியின் ரகசியத்தைக் காப்பது எங்களுக்குச் சட்டக் கடமை. குடித்து வந்தான் என்று எந்த மருத்துவரும் விசா அலுவலகத்துக்குக் கடிதம் போடுவதில்லை. இதை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் நாலு பேருக்குச் சொல்லுங்கள்.

காப்பீடு பற்றி இன்னொன்று. அரசுக் காப்பீட்டு அட்டையின் பின்பக்கம்தான் ஐரோப்பிய மருத்துவ அட்டை. பிராகிலும் வியன்னாவிலும் புடாபெஸ்டிலும் அரசு மருத்துவமனையில் அதைக் காட்டலாம். ஆனால் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு அது சுவிட்சர்லாந்து, டென்மார்க், நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய ஐந்து நாடுகளிலும் செல்லாது. சுவிட்சர்லாந்தின் யுங்ஃப்ராவ்யோக் மலைக்குப் போய் 3,454 மீட்டர் உயரத்தில் படம் எடுக்கும் ஆசையில் கிளம்பும் பலருக்கு இது தெரிவதில்லை. தனியார் காப்பீட்டில் இருப்பவர்களிடம் அந்த அட்டையே இருக்காது. சில யூரோக்களில் கிடைக்கும் பயணக் காப்பீட்டை எடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

ஜனவரி முதல் வாரம் வேறொரு கூட்டம் வரும். கால் விரல்கள் வீங்கி, அரித்து, எரிந்து, நிறம் மாறி. “விரலை வெட்டணுமா டாக்டர்?” என்று அழுதுகொண்டே வந்தாள் ஒரு தங்கை. வேண்டாம் அம்மா. அது சில்பிளெய்ன். உறைநிலைக்குக் கீழே போகத் தேவையே இல்லை. ஈரமும் 5, 10 டிகிரிக் குளிரும் போதும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும். பாடப்புத்தகப் படங்களில் சிவப்பாக இருக்கும். நம் தோலில் கருநீலமாகவோ வெறும் கருமையாகவோதான் தெரியும். அதனால் இங்குள்ள மருத்துவர்களுக்கும் சில நேரம் பிடிபடாமல் போகிறது. எப்போது தொடங்கியது, எங்கே சுற்றினீர்கள் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அவள் செய்த தவறு, தினமும் ராத்திரி விறைத்த காலை நேரே ஹாஸ்டல் ரேடியேட்டரின் மேல் வைத்ததுதான். மரத்த தோலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். உலர்ந்த சாக்ஸ் போட்டுப் போர்வைக்குள் வைத்தாலே போதும்.

விரல் வெளிறி, மெழுகுபோல் கெட்டியாகி, தொட்டால் உணர்வே இல்லை என்றால் அது உறைந்த விரல். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். போக வழியே இல்லாவிட்டால் 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைக்கலாம். மறுபடியும் குளிரில் வெளியே போக நேரும் என்றால் அதையும் செய்யாதீர்கள். உருகி மீண்டும் உறையும் விரலைக் காப்பாற்றுவது கடினம்.

உடை விஷயத்தில் எனக்கு ஒரே மனக்குறைதான். 150 யூரோவுக்கு ஜாக்கெட் வாங்கிவிட்டு உள்ளே பருத்தி பனியன், கீழே ஜீன்ஸ், காலில் கேன்வாஸ் ஷூ. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈரம் உடம்புச் சூட்டை மடமடவென்று இறக்கிவிடும். தோலை ஒட்டிக் கம்பளி அல்லது தெர்மல், அதன்மேல் ஃப்ளீஸ், வெளியே காற்றும் நீரும் புகாத ஒன்று. மூன்று ஜோடி சாக்ஸை இறுக்கமான ஷூவுக்குள் திணிக்காதீர்கள், ரத்த ஓட்டம் நின்று கால் இன்னும் விறைக்கும். வானிலை ஆப்பில் மைனஸ் 5 என்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் அது தோலுக்கு மைனஸ் 13. பிராகின் சார்லஸ் பாலத்தில் விடிகாலைப் படம் எடுக்க நிற்பவர்கள் இதை முக்கியமாகக் கவனியுங்கள். டிசம்பரில் அங்கே 4 மணிக்கெல்லாம் சூரியன் அஸ்தமித்துவிடும் என்பதையும்.

குளிரில் ஃபோன் பேட்டரி திடீரென்று அணைந்துபோகும். உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். விடுதி முகவரியையும் ஒரு நண்பரின் எண்ணையும் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தங்கநிறத் தகடுபோல இருக்கும் அவசரப் போர்வை ஓரிரு யூரோதான், கைக்குட்டை அளவுக்கு மடியும். ஆளுக்கு ஒன்று பையில் போடுங்கள்.

டிசம்பர் 24-ஆம் தேதி மதியத்துக்கு மேல் கடைகள் மூடத் தொடங்கும். பேருந்தும் ரயிலும் குறையும். ஊர் முழுக்க ஒதுங்க இடமில்லாமல் போகும் இரவு அது. அன்றைக்கு அறை இல்லாமல் இருக்காதீர்கள், தயவுசெய்து.

அந்தத் தம்பி இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போனான். இடது காலில் இரண்டு விரல்கள் இன்னும் மரத்தே இருக்கின்றன. உணர்வு திரும்பி வர சில மாதமாகலாம், முழுசாக வராமலும் போகலாம். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினான். சொல்லவில்லை. நண்பர்கள் மூவரும் பயணத்தை ரத்து செய்துவிட்டு அந்த இரண்டு நாளும் வார்டு வராந்தாவிலேயே இருந்தார்கள். அவ்வளவு பாசமான பிள்ளைகள். அந்த நாற்பது நிமிடம் மட்டும் அவனைத் தனியே விட்டுவிட்டார்கள்.