மேசை ரம்பம்: சொல் விளக்கம்

கையில் பிடித்து அறுக்கும் வட்ட ரம்பத்தைக் கவிழ்த்து, ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் திருகி, பிளேடு மட்டும் மேலே நீட்டியிருக்கும்படி செய்தால் அது டேபிள் சா. தமிழில் மேசை ரம்பம். கடையில் விற்கிற பெரிய மெஷினுக்கும் பட்டறையில் நாமே செய்துகொள்வதற்கும் இதே பெயர்தான். கிருஷ்ணகிரி கிரானைட் மாவட்டம், கல் அறுக்கும் மார்பிள் கட்டருக்குப் பஞ்சமில்லை. அதில் மரத்துக்கான பல் பிளேடைப் போட்டுக் கவிழ்த்துவிடும் ஆசாரிமார்களும் உண்டு.

முதலில் ரம்பம். தமிழ்ச் சொல்லுக்கு முதலில் ‘ர’ வராது என்பதால் அகராதிக்காரர்கள் இரம்பம் என்று எழுதுவார்கள். தெலுங்கில் ரம்பமு. அதனால் ஓசூர் கடையில் ரம்பம் என்று கேட்டால் தெலுங்கு பேசுகிறவருக்கும் விளங்கிவிடும். கன்னடம் பேசுகிறவர்தான் கரகச என்பார்.

இதைவிடப் பழைய சொல் ஈர்வாள். ஈர்தல் என்றால் பிளந்து அறுத்தல். மலையாளத்தில் இன்றும் ஈர்ச்சவாள்தான். அகநானூறு 24ஆம் பாட்டில் சங்கு அறுத்து வளையல் செய்யும் கருவிக்கு வாளரம் என்று பெயர். அரம் இப்போது ராவுகிற கருவிக்கு மட்டும் என்று ஒதுங்கிவிட்டது. அப்புறம் ஒன்று: பேசியே கொல்கிறவனை அறுவை, ரம்பம், பிளேடு என்று மூன்று விதமாகவும் திட்ட வைத்திருக்கிறோம். பட்டறையில் அவ்வளவு பாடுபட்டிருக்கிறோம் போல.

சர்குலர் சாவுக்கு வட்ட ரம்பம் என்பது நிலைத்துவிட்டது. டேபிள் சாவுக்குத்தான் இழுபறி. ஓரிடத்தில் நிற்பது என்பதால் ‘நிலை ரம்பம்’ எனலாமே என்று தோன்றும். ஆனால் தச்சு வேலையில் நிலை என்றால் கதவு நிலை. நிலை அறுக்கும் ரம்பமோ என்றுதான் ஆசாரி கேட்பார். ‘கை ரம்பம்’ என்பதும் மோட்டார் இல்லாத பழைய ரம்பத்துக்குப் போய்விட்டது. ஆகவே கையில் பிடிப்பது கை வட்ட ரம்பம், கவிழ்த்து மாட்டியது மேசை ரம்பம். மேசை போர்த்துகீசியச் சொல்லாயிற்றே என்பவர்களுக்கு: நானூறு ஆண்டாகக் கூடவே இருக்கிறது, விடுங்கள்.

பிறந்த வரிசையைப் பார்த்தால் நிலையாக நிற்பதுதான் மூத்தது. 1777இல் இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் பெற்ற காப்புரிமையிலேயே வட்ட ரம்பம் வருகிறது. கையில் பிடிப்பது 1920களில்தான் வந்தது. அமெரிக்காவின் லூசியானாவில் கரும்பு வெட்டுக்கு மோட்டார் வைத்த அரிவாள் செய்து பார்த்த எட்மண்ட் மிஷெல் என்பவரின் முயற்சி அப்படித் திரும்பியது. பாலக்கோட்டுக் கரும்புக்காரர்கள் கேட்டால் மகிழ்வார்கள்.

பெயரில் மேசை சேர்ந்ததும் வேலையும் தலைகீழாகிறது. கையில் பிடிக்கும்போது மரம் நிற்கும், ரம்பம் நகரும். மேசையில் ரம்பம் நிற்கும், மரம் நகரும். கை வட்ட ரம்பத்தின் பல் மரத்தைக் கீழிருந்து மேலாக அறுக்கும், மேல்பக்கம் சிராய் பெயரும். அதனால் பிளைவுட்டின் நல்ல முகத்தைக் கீழே வைப்பார்கள். கவிழ்த்து மாட்டியதும் பல் மேலிருந்து கீழாக, மேசையை நோக்கி இறங்கும். இப்போது நல்ல முகம் மேலே இருக்க வேண்டும். மரத்தையும் அந்தப் பல் இறங்கும் முன்பக்கத்திலிருந்துதான் தள்ள வேண்டும். பின்பக்கமாகக் கொடுத்தால் பிளேடு மரத்தைக் கையோடு பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

ஆழமும் குறையும். 7 அங்குல ரம்பம் கையில் 65 மில்லிமீட்டர் அறுக்கும் என்றால், 12 மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு அடியில் மாட்டியதும் 53தான். மார்பிள் கட்டரில் இன்னும் குறைவு. அது நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடுகிற சாமான். பிளேடில் அச்சடித்திருக்கும் உச்ச வேகம் அதைவிடக் குறைவென்றால் அந்தப் பிளேடை மாட்டவே கூடாது.

கூடவே வரும் சொற்கள்: மரம் ஒட்டியபடியே போகும் நேர்க்கட்டை ஃபென்ஸ், அதை அணைகட்டை எனலாம். அது பிளேடுக்கு இணையாக இல்லாவிட்டால் மரம் இடையில் சிக்கி ஆள்மேல் பாயும். கிக்பேக் எனும் அதற்குப் பின்னுதைப்பு என்பது சரியான சொல். அதைத் தடுக்கப் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரைவிங் நைஃபுக்குப் பிளப்புத் தகடு பொருந்தும். கையைப் பிளேடுக்குத் தள்ளி வைத்துக்கொண்டு மரத்தைத் தள்ளத் தள்ளுகட்டை.

சுவிட்சுக்குப் புதுச்சொல் வேண்டாம், புது சுவிட்ச்தான் வேண்டும். கை வட்ட ரம்பத்தின் விசையைக் கயிற்றால் கட்டிவிட்டு பிளக்கில் ஆன்-ஆஃப் செய்கிற பழக்கம் பல பட்டறைகளில் உண்டு. கரண்ட் போய்த் திரும்பினால், மேசையில் யாருடைய கை இருந்தாலும் பிளேடு தானே ஓட ஆரம்பித்துவிடும். கரண்ட் போனதும் தானே அணைந்துவிட்டு, மறுபடி அமுக்கினால்தான் ஓடவிடும் சுவிட்ச் கடையில் கிடைக்கிறது; மேசையின் முன்பக்கத்தில், தொடை இடித்தாலே அணையும் உயரத்தில் மாட்டுங்கள்.